ஓட்டாத நாள்

பதினோரு கோடையாக
ஸ்ப்ளூகன் கணவாய்க்கு
மஞ்சள் பேருந்தை ஏற்றி இறக்குகிறேன்.
உச்சியில் எனக்கு வாய்ப்பது ஏழு நிமிடம்.
இன்ஜின் ஆறும். ஒரு வாழைப்பழம் உரிப்பேன்.
சைக்கிள்காரர்களைக் கொஞ்சம் அதட்டுவேன்.

இன்று விடுப்பு.
ஓட்டுபவள் மென்ஜா.
"சீட்டு?" என்றாள், சிரிக்காமல்.
காசு கொடுத்து வாங்கினேன்,
மூன்றாம் வரிசை, சன்னலோரம்.

முதல் கொண்டை ஊசி வளைவிலேயே
என் வலது கால்
இல்லாத பிரேக்கை மிதித்தது.
எதிர் இருக்கை டச்சுச் சிறுமி
தன் அம்மாவிடம் ஏதோ சொன்னாள்.
அம்மா குனிந்து
என் செருப்புக்கடியில் பூச்சி தேடினாள்.

இந்த இடம் வந்ததும்
ஒலிபெருக்கியில் நான் சொல்வது வழக்கம்:
இருநூறு ஆண்டுக்கும் முன்னால், ஒரு டிசம்பரில்,
இவ்வழியே ஒரு படை கடந்தது.
பனிச்சரிவு உருட்டிப் போட்டவர்களில்
முரசடிக்கும் பையன் ஒருவன் இருந்தானாம்.
பள்ளத்துக்குள்ளிருந்து
ஒரு மணி நேரம் முரசு கேட்டதாம்.
பிறகு கேட்கவில்லையாம்.
"இடப்பக்கம் பாருங்கள், மர்மோட்" என்று
அடுத்த வரிக்குத் தாவிவிடுவேன்.
மென்ஜா அதைச் சொல்லவே இல்லை.
மர்மோட் மட்டும் காட்டினாள்.

உச்சியில் இறங்கினேன்.
ஏழு நிமிடம் ஆனதும்
பேருந்து என்னை விட்டுவிட்டுப் போனது.
அதன் பின்பக்கத்தை
இதுவரை நான் பார்த்ததில்லை.
கதவோரம் ஒரு நசுங்கல். யார் வேலை அது?

ஆளில்லாத சுங்கச் சாவடி.
சன்னல் விளிம்பில் காய்ந்த ஈக்கள்.
பிறகு இத்தாலி: ஏரி, அணை,
தட்டு நிறைய வெண்ணெயில் மிதந்த கோதுமை நூடுல்ஸ்.
அதற்கப்பால் கோவேறு கழுதைகளின் பழைய பாதை
கார்டினெல்லோ பள்ளத்தின் விலாவில்
செதுக்கிக்கொண்டு இறங்கியது.
குளம்புகள் தேய்த்த கல்லில்
மழைநீர், ஒரு கரண்டி அளவு.

அங்கே சுவர் ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார்
எர்மேதே என்றொருவர்.
சுண்ணாம்பில்லை, சிமெண்டில்லை,
கல்லுக்குக் கல்தான் பிடிமானம்.
என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன்.
சுத்தியலைக் கீழே வைத்தார்.
"எந்தெந்த நாள்?"
"செவ்வாய், வியாழன். ஒன்றுவிட்ட சனி."
"அப்படியானால் நீங்கள்தான்.
மூன்றாம் சுரத்தை
விட மனமில்லாமல் விடுபவர்."

பொத்தானை அழுத்தினால்
தானே மூன்று சுரம் ஊதும் ஹாரன் அது,
நான் ஒன்றும் செய்வதில்லை என்றேன்.
"கையை எடுப்பது நீங்கள்தானே" என்றார்.

ரொட்டியில் பாதி கொடுத்தார்.
இரண்டு பத்துக்கு மேலே எங்கோ
மென்ஜாவின் ஹாரன்.
சுத்தம், கச்சிதம்,
பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல.
எர்மேதே தலை நிமிரவில்லை.
"வேறு கை" என்றார்,
அடுத்த கல்லைத் திருப்பிப் பார்த்தபடி.

நான் அந்தப் பள்ளத்தைப் பார்த்தேன்.
மேலே, பனியில், நகர முடியாமல்
நின்றிருப்பார்களே,
அவர்களில் ஒருவனாவது
முரசு என்று கேட்டிருக்க மாட்டான்.
அவன் பெயரைச் சொல்லியிருப்பான்.
பக்கத்தில் இருந்தவன்
பேசாதே என்று தோளைப் பிடித்திருப்பான்.
பதினோரு வருடம் இதைச் சொல்லிவிட்டு
மர்மோட் காட்டியிருக்கிறேன்.

அணைக்கட்டு நிறுத்தத்தில் ஏறினேன்.
செருப்பில் மண். மடியில்
எர்மேதே கொடுத்த ரொட்டியின் துகள்.
கால் மிதித்தது, வளைவுக்கு வளைவு.
மறைக்கவில்லை.

நாளை செவ்வாய்.
பொத்தானிலிருந்து எப்போது கையெடுப்பேன் என்று
யோசிக்கக் கூடாது.
யோசித்தால்
சுவரோரம் ஒருவர்
"வேறு கை" என்று சொல்லிவிடுவார்.